மூன்றாம் தரப்புத் தண்ணீர்: செட்டிநாட்டுச் சூரிய மின் நிலையம் ஒன்றின் நிலைத்தன்மை அறிக்கை

வணிகவியல், மேலாண்மை மாணவர்களும் நிறுவன அறிக்கை எழுதும் வேலையில் இருப்பவர்களும் வகுப்பில் வைத்துப் பேசுவதற்காக எழுதிய நிகழ்வு இது. நிறுவனம், அதன் ஆட்கள், அதன் எண்கள் எல்லாம் வகுப்புக்காக அமைத்தவை. சட்டமும் படிவமும் செட்டிநாட்டின் நீர் ஏற்பாடும் உள்ளபடியே சொல்லப்பட்டிருக்கின்றன.

நிறுவனமும் நிலமும்

சென்னையில் தலைமையகம் உள்ள மின் உற்பத்தி நிறுவனம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. சந்தை மதிப்பில் முதல் 500-க்குள் வரும், முதல் 250-க்குள் வராது. காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் பல மாவட்டங்களில் உண்டு. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே செம்மண் மேட்டில் 220 ஏக்கரில் இருக்கும் 50 மெகாவாட் நிலையம் அவற்றில் ஒன்று. சட்டப்படி அது ஒரு துணை நிறுவனத்தின் சொத்து. நிரந்தர ஊழியர் 6 பேர். காவல், புல் வெட்டு, சூரியத் தகடு கழுவுதல் எல்லாம் ஒப்பந்தக்காரர் வழியாக, 38 பேர்.

சூரிய ஒளி மின் திட்டத்துக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி தேவையில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் செய்த வகைப்பாட்டிலும் அது மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலில்தான் வருகிறது. புகை இல்லை, கழிவு நீர் இல்லை என்பதால் கொடுத்த சலுகை, நியாயமானதுதான். ஆனால் அதற்கு ஒரு விளைவு உண்டு. பொது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது, தாக்க மதிப்பீட்டு ஆவணமும் கிடையாது. அந்த நிலையம் ஊருக்கு என்ன செய்தது என்று எழுத்தில் நிற்கும் இடம், நிறுவனம் ஆண்டுதோறும் தானே எழுதிக்கொள்ளும் நிலைத்தன்மை அறிக்கை மட்டுமே. இந்த நிகழ்வில் அறிக்கைக்கு இத்தனை கனம் வருவது அதனால்தான்.

படிவம் என்ன கேட்கிறது

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021 மே மாதம் கொண்டுவந்த வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை, பி.ஆர்.எஸ்.ஆர்., 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். நிறுவன விவகார அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஒன்பது கொள்கைகள்தான் அதன் முதுகெலும்பு. 2023 ஜூலையில் அதிலிருந்து முக்கியமானவற்றைப் பொறுக்கி ‘கோர்’ என்று ஒரு பகுதியை வகுத்தார்கள். பசுங்குடில் வாயு, தண்ணீர், எரிசக்தி, கழிவு, பணியாளர் நலன் உள்ளிட்ட ஒன்பது தலைப்புகள். அவற்றை வெளியார் சரிபார்க்க வேண்டும் என்பது படிப்படியாக வருகிறது: 2023-24-இல் முதல் 150 நிறுவனங்கள், அடுத்த ஆண்டு 250, 2025-26-இல் 500, அதற்கடுத்த ஆண்டு 1,000. அந்தச் சரிபார்ப்பைச் சான்றுறுதியாகவோ (assurance) மதிப்பீடாகவோ (assessment) செய்துகொள்ளலாம் என்று 2025 மார்ச்சில் தளர்த்தினார்கள். நம் நிறுவனத்தின் முறை 2025-26-இல்.

அதற்கு முன்னால் வீட்டைச் சரிசெய்து வைப்போம் என்று தணிக்கைக் குழு முடிவெடுத்தது. உள் தணிக்கைத் தலைவரை நிலையங்களுக்கு நேரில் அனுப்பினார்கள். அவர் ஒரு பட்டயக் கணக்காளர், தேவகோட்டையில் பிறந்து வளர்ந்தவர். கையில் எடுத்துப்போனது 2023-24 அறிக்கையின் இந்த நிலையத்துப் பகுதி. அதில் மூன்று இடங்களில் பூஜ்யம் இருந்தது: மூன்றாம் தரப்பிடமிருந்து பெற்ற தண்ணீர், சுற்றுவட்டார மக்களிடமிருந்து வந்த புகார், தொழிலாளர் விபத்து.

தண்ணீர்

படிவத்தின் ஆறாம் கொள்கையில் தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று வரிவரியாகக் கேட்கிறார்கள். மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், மூன்றாம் தரப்பு நீர், கடல் நீர், மற்றவை. நிலையத்தின் பதில்: நிலத்தடி நீர் 610 கிலோலிட்டர். அலுவலகத்து ஆழ்துளைக் கிணற்றில் மீட்டர் இருக்கிறது, அந்த எண் சரி. மற்ற வரிகளில் பூஜ்யம்.

உள் தணிக்கையாளர் முதலில் போட்டது ஒரு மனக்கணக்கு. நிலையத்தில் 540 வாட் தகடுகள் சுமார் 92,000. செம்மண் புழுதி படிகிற ஊர். மழைக்காலத்தில் சில முறை தவிர மாதம் இரண்டு முறை, ஆண்டுக்கு 20 முறை கழுவுகிறார்கள். ஒரு தகட்டுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலே ஆண்டுக்கு 3,680 கிலோலிட்டர். 610-இல் இது அடங்காதே!

“தகடு கழுவுற தண்ணி எங்கேருந்து வருது?” என்று கேட்டார்.

“அது காண்டிராக்டர் பாத்துக்குவார் மேடம். தண்ணியோட சேர்த்துத்தான் ரேட். நம்ம எடுக்கிறதில்லை” என்றார் நிலையப் பொறியாளர். பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்த எக்செல் தாளில் ‘நிறுவனம் எடுக்கும் தண்ணீர்’ என்றுதான் தலைப்பு இருந்தது. மூன்றாம் தரப்பு என்ற வரியே இப்படிப்பட்ட தண்ணீருக்காக வைத்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கழுவும் ஒப்பந்தக்காரரின் பில்லில் ‘தகடு சுத்தம் செய்தல், மெகாவாட்டுக்கு இவ்வளவு’ என்று ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் டேங்கர் லாரி ஓட்டுநரின் நோட்டில்தான் கணக்கு இருந்தது. அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு. தேதி, நடை, எந்தத் தோப்புக் கிணறு, எதிரே தோப்புக்காரரின் கையெழுத்து. நடைக்கு இவ்வளவு என்று தோப்புக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்ததால் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. 2023-24-இல் 309 நடை. 12,000 லிட்டர் டேங்கர். 3,708 கிலோலிட்டர்.

மனக்கணக்கும் நோட்டும் இவ்வளவு நெருங்கி வந்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த நிலையம் செலவழித்த தண்ணீர் அறிக்கையில் சொன்னதைப்போல் ஏழு மடங்கு.

நான் இதில் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நிலையத்தில் யாரும் தண்ணீரை மறைக்கவில்லை. ஆனால் ‘நிறுவனம்’ என்பதற்கு எல்லைக்கோடு போட்டவர்கள் அதை ஒப்பந்தத்தின் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் போன தண்ணீர், வியர்வை, புகார் எல்லாம் யாருடையதும் இல்லாமல் ஆயிற்று. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைப் பகுதி வாரியாக அளந்து, பாதுகாப்பானது முதல் மிகையாக உறிஞ்சப்பட்டது வரை வகைப்படுத்துகிறார்கள். தோப்புக் கிணறு இருக்கும் பகுதி எந்த வகை என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள பகுதியிலிருந்து எவ்வளவு எடுத்தீர்கள் என்ற கேள்வி படிவத்தில் விருப்பக் கேள்வியாக இருக்கிறது. செட்டிநாட்டில் நிலையம் வைத்திருப்பவர்கள் அதை விருப்பம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வற்றாத ஆறு இல்லாத சீமை இது. ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, மழை பெய்யும் சில வாரத்துத் தண்ணீரை ஆண்டு முழுவதும் வைத்துக் குடித்த மக்கள். இங்கே 3,708 கிலோலிட்டர் என்பது சின்ன எண் இல்லை.

வரத்துக்கால்

இரண்டாவது பூஜ்யம் இதைவிடக் கசப்பானது.

நிலையத்துக்குத் தெற்கே ஒரு கண்மாய். அதன் ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் தரும் நிலம், 40 எக்டேருக்குக் கீழே என்பதால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளது. மேட்டிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் ஒரு சின்ன வரத்துக்கால் வழியாக அதற்குப் போகும். நிலம் சமன்செய்தபோது அந்தக் காலின் ஒரு துண்டு மண் மூடிவிட்டது. கோடையில் பார்த்தால் அது கால் என்றே தெரியாது. கருவேல முள்ளும் சரளையுமாக ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் நில அளவைப் புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது. நிலம் வாங்கிக் கொடுத்த இடைத்தரகர் பட்டாவைச் சேர்ப்பதில் காட்டிய அக்கறையைப் புலப்படத்தைப் பார்ப்பதில் காட்டவில்லை.

ஐப்பசி மழையில் தண்ணீர் வேலியோரம் தேங்கி, ரோட்டுப் பக்கம் திரும்பிப் போனது. கண்மாய் நிறைந்து கலுங்கு தொடவில்லை. கடைமடைக்காரர்கள் நாற்று விட்டதோடு நின்றார்கள்.

அவர்கள் புகார் சொல்லவில்லையா? சொன்னார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்தார்கள். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். மனு வட்டாட்சியர் வழியாக நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. நிலையத்தில் அதை ‘வருவாய்த்துறைக் கடிதங்கள்’ என்ற கோப்பில் வைத்துவிட்டார்கள். அறிக்கையின் முதல் பகுதியில் சுற்றுவட்டார மக்களிடமிருந்து எத்தனை புகார், எத்தனை நிலுவையில் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. குறைதீர்ப்பு ஏற்பாடு உண்டா என்றும் கேட்கிறது. ஆங்கிலத்தில் ஓர் இணையப் படிவம் வைத்திருந்தார்கள். ‘ஆம்’ என்று எழுதினார்கள். அந்தப் படிவத்தில் யாரும் எதுவும் நிரப்பவில்லை. ஆகவே பூஜ்யம்.

உள் தணிக்கையாளர் கண்மாய்க் கரைக்குப் போனபோது ஆயக்கட்டுக்காரர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், கேட்டதை அவர் தம் குறிப்பில் அப்படியே எழுதிவைத்தார்: “வேலி போட்டது உங்க நெலத்துல தாயி, அதைக் கேக்கல. தண்ணி எங்கிட்டுப் போகும்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?”

தொடர்ந்து அவர் சொன்னது: “மனுக் குடுத்தோம். ஆபீசர் வந்து பாத்தாக. கம்பெனிக்கு அனுப்பிருக்கோம்னாக. நீங்க கம்பெனிதானே?”

மூன்றாவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகடுகளுக்கு அடியில் புல் வெட்டப் போன தினக்கூலிப் பெண் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. அரசு மருத்துவமனையில் பிழைத்தார். ஐந்து வாரம் வேலைக்கு வரவில்லை, கூலியும் இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் விபத்துக் கணக்கில் ஏறவில்லை. படிவமோ நிரந்தரமல்லாத தொழிலாளரையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வேலைநாள் இழந்த விபத்து என்றால் அது விபத்துதான். முழங்கால் உயர பூட்ஸும், போகும் முன் தடியால் தட்டிப் பார்க்கும் வழக்கமும் இருந்திருந்தால் நடந்திருக்காது. அறிக்கையில் ஏறாத விபத்துக்கு பூட்ஸ் வாங்க யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு.

பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்

அறிக்கையின் முகப்பில் இருந்தது வேறோர் எண்: 58,000 டன் கரியமில வாயு தவிர்ப்பு. ஆண்டுக்குச் சுமார் 8.3 கோடி யூனிட் உற்பத்தி, மின் தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ உமிழ்வு. பெருக்கினால் வருகிறது, கணக்கில் குற்றமில்லை. தவிர்த்த உமிழ்வு வேறு, நிறுவனம் தானே வெளியிட்ட உமிழ்வு வேறு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கூடாது என்பதை மட்டும் அறிக்கையின் உள்ளே தெளிவாக எழுதவில்லை. இரவில் தொகுப்பிலிருந்து எடுத்த மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், டேங்கர் டீசல் ஆகியவற்றைத் தனியே காட்டினால் போதும்.

எண் எப்படி மேலே போயிற்று

நிலையப் பொறியாளர் எக்செல் தாளை நிரப்பினார். மண்டல மேலாளர் அதைத் தொகுத்தார். சென்னையில் நிலைத்தன்மைப் பிரிவு அதை ஆலோசகருக்கு அனுப்பியது. ஆலோசகர் மொழியைச் செப்பனிட்டார். இயக்குநர் குழுவின் கடைசிக் கூட்டத்தில் ஆண்டறிக்கையோடு சேர்த்து ஒப்புதல் ஆயிற்று. இந்த அறிக்கைக்குப் பொறுப்பான இயக்குநரின் உரையும் அதில் உண்டு. அந்த வரிசையில் ஒருவர்கூட ‘இந்தப் பூஜ்யத்துக்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்கவில்லை. லாப நட்டக் கணக்கில் ஒரு பூஜ்யம் இப்படிப் போயிருக்குமா? வவுச்சர் கேட்டிருப்பார்கள்.

செட்டிநாட்டில் உட்கார்ந்து இதை எழுதும்போது பழைய வட்டிக்கடைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதலாளி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். கடை ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும். மூன்றாண்டுக் கணக்குக்குப் போன மேலாள் என்ற முகவர்தான் அங்கே எல்லாம். கடல் கடந்த ஒரு கடையை ஊரிலிருந்தபடி ஆள முடிந்ததற்குக் காரணம், ஐந்தொகைக்கு (ஆண்டு முடிவின் வரவு, கடன் நிலைக் கணக்கு) பின்னால் பேரேடும் அதற்குப் பின்னால் அன்றாடக் குறிப்பும் எழுதப்பட்டு, கேட்டால் காட்டும்படி இருந்ததுதான். சென்னையிலிருந்து தேவகோட்டைப் பக்கத்து நிலையத்தை ஆளுகிறவர்களிடம் ஐந்தொகை மட்டும் இருந்தது. குறிப்பு, லாரி ஓட்டுநரின் சட்டைப்பையில் இருந்தது.

நிலம் வாங்கிய இடைத்தரகு பற்றியும் தணிக்கைக் குழு கேட்டது. இடைத்தரகு நிறுவனத்தில் துணை நிறுவன இயக்குநர் ஒருவரின் நெருங்கிய உறவினருக்குப் பங்கு இருந்தது. தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனையாக அது முன்பே பதிவாகி ஒப்புதல் பெற்றிருந்தது, விலையிலும் குறை தெரியவில்லை. ஆனாலும் புலப்படத்தை ஏன் யாரும் கேட்கவில்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். சொந்தக்காரர் கொண்டுவந்த நிலத்தைத் துருவிக் கேட்பது யாருக்கும் சங்கடம்தான். ஒப்புதல் பெற்ற பரிவர்த்தனை என்பதாலேயே அது சரியான பரிவர்த்தனை ஆகிவிடாது.

என்ன முடிவெடுத்தார்கள்

குழுவில் இரண்டு கருத்து. அடுத்த ஆண்டு அறிக்கையில் சரியான எண்ணைப் போட்டு, ‘கணக்கிடும் முறை மேம்படுத்தப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிவிடலாம் என்றார் நிதித் தலைவர். தண்ணீர் ஒரே ஆண்டில் ஏழு மடங்கு கூடியதுபோல் தெரியும், பதில் சொல்லி மாளாது என்பதும் அவர் கவலை. தணிக்கைக் குழுத் தலைவரான, நிறுவனத்தைச் சாராத தனி இயக்குநர் ஒப்பவில்லை. முந்தைய ஆண்டின் எண்ணையே திருத்தி, பழையது இது, சரியானது இது, தவறு வந்த காரணம் இது என்று மூன்றையும் அருகருகே போட வேண்டும் என்றார். அப்படியே ஆயிற்று. புகார் அட்டவணையில் 2023-24-க்கு இரண்டு என்று திருத்தினார்கள், இரண்டும் நிலுவையில். விபத்து ஒன்று.

அவர் செய்தது சரி. திருத்தத்தைப் பார்த்து முதலீட்டாளர் முகம் சுளிக்கலாம். ஆனால் 2025-26-இல் சரிபார்க்க வரும் வெளியாள் முதலில் கேட்பது முந்தைய ஆண்டோடு ஒப்பீட்டைத்தான். ‘முறை மேம்பட்டது’ என்ற வரி அந்தக் கேள்விக்கு முன் அரை நாள் நிற்காது.

நிலையத்தில் செய்தவை: ஒப்பந்தத்தில் டேங்கர் நடைச் சீட்டு கட்டாயம், சீட்டு இல்லாமல் பில் பாஸ் ஆகாது. பாதி வரிசைகளுக்குத் தண்ணீர் வேண்டாத தூரிகை எந்திரம் போட்டார்கள். நிலைய வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் புகார்ப் பதிவேடு. ஆட்சியர் அலுவலகத்திலிருந்தோ கிராம சபையிலிருந்தோ வரும் எந்தத் தாளும் அதில் ஏற வேண்டும். பூட்ஸ் வாங்கினார்கள். பாம்பு கடித்த பெண்ணுக்கு ஐந்து வாரக் கூலியை ஒப்பந்தக்காரர் வழியாகக் கொடுத்தார்கள். எந்திரத்தால் கழுவும் வேலை குறைந்து நான்கு பேருக்கு வேலை போயிற்று. அதையும் அறிக்கையில் எழுதினார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

வரத்துக்காலைத் திறப்பதில்தான் இழுபறி. வேலிக்கு அடியில் குழாய்ப் பாலம் வைத்து, உள்ளே 140 மீட்டர் தூரம் காலை வெட்டி, இரண்டு வரிசைத் தகடுகளை இடம் மாற்ற வேண்டும். வேலையைத் தொடங்கியபோது நிதிப் பிரிவு அந்தச் செலவை நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியில், அதாவது நிறுவனச் சட்டம் 135-ஆம் பிரிவு சொல்லும் இரண்டு சதவீதத்தில், ‘கண்மாய்ப் புனரமைப்பு’ என்று காட்டத் திட்டமிட்டது. படம் எடுக்க நன்றாக இருக்கும், பலகையும் வைக்கலாம். உள் தணிக்கையாளர் தடுத்தார். தன் தொழிலுக்காகச் செய்யும் வேலையையும், சட்டப்படி தான் செய்தே தீர வேண்டியதையும் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட விதியில் இடமில்லை. அடைத்த காலைத் திறப்பது கொடை ஆகாது. அது நிலையத்தின் மூலதனச் செலவு, அங்கேயே எழுத வேண்டும்.

ஊர்க்காரர்கள் கேட்ட இன்னொன்று ஊருணித் தூர்வாரல். அது நிறுவனம் கெடுத்ததல்ல, ஆகவே அதைச் சமூகப் பொறுப்பு நிதியில் செய்யலாம். மகமை என்று வருமானத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு எடுத்துவைத்து, குளமும் ஊருணியும் பள்ளியும் கட்டிய சீமையில் இந்த வேறுபாட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை மகமை என்று எழுதிய கடை எங்கும் இருந்ததில்லை.

விவாதத்துக்கு விட்டுவைத்த பிரச்சினை ஒன்று. கோடையில் இந்த மேட்டில் கிடை போட வரும் கீதாரிகளின், அதாவது மந்தை ஓட்டிவரும் ஆட்டுக்காரர்களின், ஆட்டுப் பாதையும் வேலியால் அடைபட்டிருக்கிறது. அவர்களுக்குப் பட்டா இல்லை, புலப்படத்தில் பாதையும் இல்லை, கிராம சபையில் பேச இந்த ஊர்க்காரர்களும் இல்லை. புகார்ப் பதிவேட்டில் அவர்கள் பெயர் தானாக வராது. தகடுகளுக்கு அடியில் செம்மறி மேய விட்டால் புல் வெட்டும் செலவு குறையும் என்று நிலையப் பொறியாளர் எழுதிய குறிப்பு, காப்பீட்டுப் பிரிவின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. சுற்றுவட்டார மக்கள் என்ற பட்டியலில் ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் வருகிறவர்களைச் சேர்ப்பதா, சேர்த்தால் அவர்களை எங்கே, எப்போது போய்க் கேட்பது என்பதைத் தணிக்கைக் குழு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறது.